கியூட்டெக்ஸ் பூசிய மெசின்

ஹஃபீலாவின் உத்தியோகம் எலிகளுக்குத் தண்ணீர் வைப்பது. எப்படிச் சுற்றிவளைத்துச் சொன்னாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும் என்பதால் அவள் எடுத்த எடுப்பிலேயே அப்படிச் சொல்லிவிடுவாள். கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்து விசாரிப்பவர்கள் ஒரு கணம் யோசித்துவிட்டு, எலிக்கு நஞ்சு வைக்கிற வேலையைத்தான் இந்தப் பிள்ளை நாசூக்காகச் சொல்கிறது என்று முடிவுகட்டி, "எங்கட கூரைக்குள்ளயும் ரெண்டு மூணு ஓடுது, ஒருக்கா வந்து பாக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். அவளுடைய எலிகள் கூரையில் ஓடுகிற சாதி அல்ல. வெள்ளை உடம்பு, சிவப்புக் கண், நம்பர் போட்ட கூடு, வேளாவேளைக்குச் சாப்பாடு. "அதுகளுக்குக் கிடைக்கிற கவனிப்பில கால்வாசி எனக்குக் கிடைச்சாலே போதும்" என்பது அவள் புருஷன் மர்ஸூக்கின் தீராத முறைப்பாடு. அவன் கற்பிட்டியில் இருந்து கொழும்புக்குக் கருவாட்டு லொறி ஓட்டுகிறவன். வீட்டில் பாதி நாள் இல்லாதவன் கவனிப்பைப் பற்றிப் பேசலாமா என்று அவள் திருப்பிக் கேட்பதில்லை.

பாலாவியில் இருந்து கற்பிட்டிக்குப் போகிற வீதியில், வெங்காயத் தோட்டங்களுக்கும் கடற்களப்புக்கும் நடுவில் அந்த ஆராய்ச்சி நிலையம் நிற்கிறது. யுத்தம் முடிந்த கையோடு வெளிநாட்டு உதவியில் கட்டியது. கட்டடம் எழும்பி முடிந்தபோது உதவியும் முடிந்துவிட்டது. எனவே வாசலில் பளிங்குத் தரையும் உள்ளே ஒன்றுமில்லாத அறைகளுமாக இருந்தது. ஒரு ஜீப், கடிதம் தட்டச்சடிக்க ஒரு கந்தோர், மூன்று விஞ்ஞானிகள், பின்பக்கம் பன்னிரண்டு கூடுகள் வைத்த எலி வீடு, அவ்வளவுதான். 2014இல் ஹஃபீலா அங்கே தற்காலிக ஊழியராகச் சேர்ந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்க மறந்துபோனால் அவளே போய் ஞாபகப்படுத்த வேண்டும். நிரந்தர நியமனம் என்ற ஒன்று இருப்பதாகவும், அதற்கு ஒரு பட்டியல் போவதாகவும், அதில் பேர் வந்துவிட்டால் பிறகு யாருக்கும் எதையும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை என்றும் கேள்விப்பட்டிருந்தாள்.

அவள் பிறந்தது வடக்கே எருக்கலம்பிட்டியில். முஸ்லிம்களை அங்கிருந்து வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது வயது எட்டு. அந்தக் கதையை அவள் விரித்துச் சொன்னதில்லை. யாராவது தோண்டிக் கேட்டால், "வந்தம், இருந்துட்டம்" என்பாள். முகாம், ஓலைக் கொட்டில், பிறகு பள்ளிவாசல்துறையில் ஒரு துண்டுக் காணி, அதில் கல்வீடு என்று வாழ்க்கை ஊர்ந்தது. ஓ.எல். பரீட்சையில் கணக்கில் மட்டும் திறமைச் சித்தி. மற்றப் பாடங்களைப் பற்றி இந்த இடத்தில் பேசாமல் விடுவதுதான் மரியாதை.

அவளுடைய அண்ணன் நஸீம் நானா டவுனில் முதலில் ரேடியோ திருத்தினார், பிறகு போன். கடையில் பெண்பிள்ளை இருப்பது சரிவராது என்று உம்மா சொல்லிவிட்டதால், நுணுக்கமான கைவேலை உள்ள போன்கள் எல்லாம் ஒரு சொப்பிங் பையில் வீட்டுக்கு வரும். குசினி மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஹஃபீலா ஈயம் வைத்துக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பேரின் போன் அவள் கையால்தான் உயிர் பிழைத்தது. பேர் முழுக்க நஸீமுக்கு. அதில் அவளுக்கு மனத்தாங்கல் இருந்ததா என்றால், இருந்தது. நன்றாகவே இருந்தது. வாய் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

எலி வீட்டில் அவளுக்கு மேலதிகாரி டொக்டர் அஜித்தா. சிலாபத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, கத்தோலிக்கர். வீட்டில் பாதி சிங்களம், பாதி தமிழ். கோபம் வந்தால் முழுக்கச் சிங்களம். ஊசி போடுகிற டொக்டர் அல்ல, படித்து வாங்கிய பட்டம். ஹஃபீலா அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவாள்.

அஜித்தாவுக்கு ஒரு கேள்வி இருந்தது. எலுவன்குளம் பக்கத்தில் சில கிணறுகளில் தண்ணீர் தடிப்பு. கேத்தலில் ஒரு மாதம் கொதிக்க வைத்தால் அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை படியும். அங்கே வயல்வேலை செய்கிறவர்கள் அந்த வெயிலுக்குக் குடிக்க வேண்டிய அளவு தண்ணீர் குடிப்பதில்லை என்று அவர் விசாரித்து வைத்திருந்தார். ருசி பிடிக்காமல் குடிப்பதைக் குறைக்கிறார்களா, அல்லது பழக்கமா? மனிதனிடம் கேட்டால் 'நல்லாத்தான் குடிக்கிறம்' என்பான். எலி அப்படிச் சொல்லாது. ஒரே கூட்டில் இரண்டு போத்தல் வைத்தால் எது பிடிக்குமோ அதற்குப் போகும்.

எவ்வளவு குடித்தது என்பதற்குப் போத்தலைக் காலையிலும் மாலையிலும் நிறுத்துப் பார்த்தால் போதும். எந்த நேரத்தில், எத்தனை தரம், எந்தப் போத்தலுக்கு முதலில் போனது என்பதற்கெல்லாம் மெசின் வேண்டும். அந்த மெசினைக் கேட்டு அஜித்தா கொழும்புக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். பதில் வந்தது, மெசின் வரவில்லை. ஒருநாள் அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே எலி வீட்டுக்கு வந்தார்.

"ஹஃபீலா, நீங்க போன் திருத்துவீங்க எண்டு எங்கட ஜீப் சாரதி ஜெமீல் சொன்னார். இதச் செய்யேலுமா?"

திரையில் ஒரு படம். போத்தல் வாயின் இரண்டு பக்கமும் எதிரெதிரே கடுகளவு இரண்டு சின்னச் சாமான்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை எறியும், மற்றது பிடிக்கும். எலி மூக்கை நீட்டினால் வெளிச்சம் அறுபடும். அறுபட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பச்சைப் பலகை நேரத்தோடு மெமரி கார்டில் குறித்து வைக்கும். இதை எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்தவர்கள், செய்முறை, வரைபடம், கணினிக்கு எழுதிய கட்டளை எல்லாவற்றையும் யாரும் எடுக்கலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள்.

"சும்மாவா மிஸ் தாறாங்க?"

"சும்மாதான். நாங்க செஞ்சு பாத்து, எதாவது திருத்தினா அதையும் எல்லாருக்கும் தெரியப் போடோணும். பிழையாப் போனாலும் போடோணும். அவ்வளவுதான் கொந்தேசி."

பள்ளிவாசல் கிணற்று நிபந்தனை மாதிரி என்று ஹஃபீலா விளங்கிக்கொண்டாள். யாரும் அள்ளலாம், வாளிக் கயிறு அறுந்தால் கண்டவர் கட்டிவிட வேண்டும்.

படத்தில் இருந்த பிளாஸ்டிக் பிடியை முப்பரிமாணமாக அச்சடிக்கிற வசதி புத்தளத்திலேயே இல்லை. அவள் பி.வி.சி. குழாயை அறுத்து, பழைய செருப்பின் இறப்பரை உள்ளே திணித்துப் பிடி செய்தாள். இரண்டு மாதத்தில் பன்னிரண்டு கூட்டுக்கும் மெசின் தயார். மூன்றாவது மாதம் ஐந்தாம் நம்பர் எலி ஒரே நாளில் நாற்பதாயிரம் தரம் தண்ணீர் குடித்ததாக மெசின் சொன்னது. எலி என்னவோ வழமைபோலத் தூங்கிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் ஈயம் வைத்த மூட்டெல்லாம் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று. செய்முறையை எழுதியவர்களின் ஊரில் அப்படி ஒரு காற்று இல்லைப்போலும்.

அவள் அடுத்த நாள் கற்பிட்டியில் ஹவ்வா ராத்தாவின் அலங்காரச் சாமான் கடைக்குப் போய் ஆறு குப்பி கியூட்டெக்ஸ் கேட்டாள். ஹவ்வா ராத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நகத்தில் பூச்சு இருந்தால் தண்ணீர் படாது, தொழுகைக்கு ஒழுச் செய்ய முடியாது என்று வாழ்நாளில் ஒரு துளியும் பூசாதவள் ஹஃபீலா.

"என்ன புள்ள, இந்த வயசில? மர்ஸூக்குக்கு இப்பதான் விடிஞ்சிரிக்கி போல."

"தண்ணி படாமப் பூசத்தான் ராத்தா. வயருக்கு."

"வயித்துக்கா?" என்றாள் ஹவ்வா ராத்தா. அதற்குப் பிறகு விளக்கம் சொல்ல ஹஃபீலா நிற்கவில்லை.

கடையில் இருந்தது சிவப்பு மட்டும். எனவே பன்னிரண்டு மெசின்களும் மூட்டுக்கு மூட்டு மருதாணி போட்ட மணமகள் கைபோலச் சிவந்தன. ஆனால் அதற்குப் பிறகு ஒரு எலியும் நாற்பதாயிரம் தரம் குடிக்கவில்லை. அஜித்தா படம் எடுத்து அந்த இணையப் பக்கத்தில் போட்டார். பெரு நாட்டில் கடற்கரைப் பட்டினம் ஒன்றிலிருந்தும், மொம்பாசாவிலிருந்தும் தாங்களும் பூசியதாக எழுதினார்கள். போட்டது என்னவோ நிலையத்தின் பேரில்தான். இருந்தாலும் ஹஃபீலா அந்தப் பக்கத்தைத் தன் போனில் அடிக்கடி திறந்து பார்ப்பாள். மர்ஸூக்குக்கும் காட்டினாள். "மொம்பாசாவில கருவாடு என்ன விலையாம்?" என்று அவன் கேட்டான்.

2017 மாசி மாதம் உண்மையான சோதனை தொடங்கியது. எலுவன்குளத்தில் தெரிவுசெய்த கிணறு ஒன்றில் இருந்து ஜீப் சாரதி ஜெமீல் நான்கு கேன் தண்ணீர் கொண்டுவந்து களஞ்சிய அறையில் இறக்கினார். அன்றைக்கு ஹஃபீலா லீவு. மூத்த மகளின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. அஜித்தா ஒரு கேனில் 'எ-4' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். நாலாம் நம்பர்க் கிணறு என்று அர்த்தம். மற்ற மூன்றுக்கும் பிறகு ஒட்டலாம் என்று விட்டுவிட்டு, மூன்று கிழமைப் பயிற்சிக்கு இந்தியாவுக்குப் பறந்துவிட்டார். போய் இறங்கிய அன்று வட்சப்பில் கூப்பிட்டார். குரல் வெட்டி வெட்டி வந்தது.

"நாளைக்குத் தொடங்குங்க. ஒரு போத்தலுக்கு எ-4. மத்தப் போத்தலுக்கு நல்ல தண்ணி. ஒவ்வொரு நாளும் பக்கம் மாத்துங்க, என்ன?"

"ஓம் மிஸ்."

பக்கம் மாற்றுவது ஏன் என்று அவளுக்குத் தெரியும். எலிக்கும் கைவாட்டம் உண்டு. ஒரே பக்கம் வைத்தால் தண்ணீருக்காகப் போகிறதா, பழக்கத்தில் போகிறதா என்று தெரியாது. அவள் களஞ்சியத்துக்குப் போனாள். ஒரு கேனில் எ-4. பக்கத்தில் மூன்று கேன்கள், மூன்றிலும் கறுப்பு மார்க்கரால் கொட்டை எழுத்தில் 'நல்ல தண்ணி'. மிஸ் கேட்டது கண்முன்னே நின்றது. மூன்று கிழமை அவள் ஒரு நாள் தவறாமல் காலை ஏழு மணிக்குப் போத்தல் கழுவி, நிரப்பி, பக்கம் மாற்றி, நாளும் நேரமும் எழுதி வைத்தாள். அதைவிடச் சுத்தமாக அந்த வேலையை யாரும் செய்திருக்க முடியாது.

அஜித்தா திரும்பி வந்து கார்டுகளைக் கணினியில் போட்டார். பன்னிரண்டு எலிக்கும் கோடு வரைந்து பார்த்தால் இரண்டு போத்தலின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடந்தன. நூற்றுக்கு ஐம்பது, ஐம்பது. எந்த எலிக்கும் எந்தத் தண்ணீரிலும் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை.

அந்தக் கிழமைதான் கொழும்பில் இருந்து பேராசிரியர் அருமைநாயகம் வந்திருந்தார். நிலையத்தின் ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர். எழுபதை நெருங்கியவர், கெட்டவர் அல்ல, அவசரக்காரர். கோடுகளைப் பார்த்தார். பிறகு எலி வீட்டுக்கு வந்து மெசினைப் பார்த்தார். குழாய்த் துண்டு, செருப்பு இறப்பர், சிவப்புக் கியூட்டெக்ஸ்.

"அஜித்தா, இது மெசினா, கலியாணப் பொம்பிளையா?" என்று சிரித்தார். "தடிச்ச தண்ணியையும் சாதாரண தண்ணியையும் எலி இவ்வளவு சரிபாதியாக் குடிக்குமா? ஒரு இடத்திலயும் நான் காணேல்ல. இது எதையோ எண்ணிக்கொண்டிருக்கு, எலிய எண்ணேல்ல. கழட்டி வையுங்க. வெளிநாட்டு மெசினுக்கு நானே எழுதிறன்."

அஜித்தா தலையாட்டினார். ஹஃபீலா கதவடியில் போத்தல் தட்டோடு நின்றாள். பேராசிரியர் அவளைப் பார்த்து, கோபிக்க வேண்டாம், முயற்சி நல்லது, நிரந்தர நியமனப் பட்டியலில் அவள் பேரைச் சேர்த்திருப்பதாகவும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் கையெழுத்து வைக்கப்போவதாகவும் சொன்னார். ஆறுதலாகச் சொன்னதுதான். அவர் போன பிறகு அஜித்தா மெதுவாகச் சொன்னார்: "இணையத்திலயும் போடோணும் ஹஃபீலா. எங்கட இடத்தில இது சரியா எண்ணேல்ல எண்டு. பிழையாப் போனாலும் போடோணும் எண்டுதானே இருக்கு. மத்தவங்க ஏமாறக் கூடாது."

நியமனப் பட்டியலில் பேர் என்பது அவள் மூன்று வருடம் காத்திருந்த செய்தி. அது காதில் விழுந்ததுபோலவே இருக்கவில்லை. மொம்பாசாக்காரன் தன் மெசினைப் பிரித்துக் குப்பையில் போடுவான் என்பதுதான் அவள் மனதில் ஓடியது. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

கழற்றச் சொன்னதை அவள் உடனே கழற்றவில்லை. மிஞ்சியிருந்த அதே தண்ணீரை வைத்து, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஒவ்வொரு போத்தலையும் தராசில் நிறுத்து, மெசின் சொன்ன எண்ணிக்கையோடு ஒப்பிட்டாள். நிறையும் எண்ணிக்கையும் பொருந்தின. அப்படியென்றால் எலிகள் உண்மையாகவே சரிபாதிதான் குடிக்கின்றன. மெசின் பொய் சொல்லவில்லை. அப்படியானால் ஏன்?

வெள்ளி மத்தியானம் ஜும்ஆ தொழுகை முடிந்து ஜெமீல் வெறுங் கேன்களை எடுக்க வந்தார். எ-4 ஒட்டியிருந்த கேன் முடிந்துபோயிருந்தது. அதைக் கழுவிக் கொடுக்க ஹஃபீலா தண்ணீர்க் குழாயடிக்குக் கொண்டுபோனாள். ஈரத்தில் ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பியது. நகத்தால் இழுத்தாள். முழுதாக உரிந்து வந்தது. அடியில், கறுப்பு மார்க்கரில், அதே கொட்டை எழுத்தில் 'நல்ல தண்ணி' என்று இருந்தது.

"ஜெமீல் நானா, இத ஆர் எழுதின?"

"நாந்தான். ஏன்?"

"நாலு கேனும் எங்க எடுத்த தண்ணி?"

"என்ன தங்கச்சி கேள்வி? எலுவன்குளத்திலதான். அந்த வளவில ரெண்டு கிணறு. ஒண்டு குளிக்கிற கிணறு, மத்தது நல்ல தண்ணிக் கிணறு. டொக்டர் குடிக்கிற கிணத்துத் தண்ணிதானே கேட்டா. மாறிப்போகாம நாலு கேன்லயும் எழுதி வச்சன்."

அவர் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த எவரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். உப்புச் சவர் இல்லாத, வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் நல்ல தண்ணீர். அது தடிப்போ மெல்லிசோ, கேத்தலில் படியுமோ படியாதோ, அது வேறு விசயம். ஹஃபீலாவும் அப்படித்தான் வாசித்தாள். ஆனால் சிலாபத்தில் பாதி சிங்களத்தில் வளர்ந்த அஜித்தாவின் வீட்டில் 'ஹொந்த வத்துர' என்றால் சுத்தமான தண்ணீர். பயணம் போகிற அவசரத்தில் கேன்களில் இருந்த எழுத்தை அவர் கவனிக்கவில்லை; போனில் சொன்னது தன் ஆய்வறை மூலையில் இருக்கிற பில்டர் மெசினில் பிடித்த தண்ணீரை. 'பில்டர்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஹஃபீலா 'எந்த நல்ல தண்ணி மிஸ்?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. இப்படி மூன்று கிழமை பன்னிரண்டு எலிகள், இடப்பக்கமும் வலப்பக்கமும், ஒரே கிணற்றின் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன.

அவள் குழாயடியிலேயே குந்திவிட்டாள். ஜெமீலுக்கு விசயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஆருக்கும் தெரியுமா?"

"இல்ல."

"அப்ப வாயத் திறக்காத. திங்கக்கிழம கையெழுத்து வைக்கப் போறாங்க. உன்ட பேரில ஒருக்கா பிழ எழுதிட்டாங்க எண்டா அந்த முறை பேர் போகாது, அதான் சட்டம். மெசின்ட தலையில போட்டுட்டு இரி தங்கச்சி. மெசினுக்கென்ன, புள்ளயா குட்டியா?"

அன்றைக்கும் அடுத்த நாளும் அவள் வீட்டில் அதிகம் கதைக்கவில்லை. சனி பின்னேரம் மர்ஸூக் லொறியைக் கழுவிவிட்டு வந்து, என்ன விசயம் என்று கேட்டான். சொன்னாள். அவன் பகிடி விடவில்லை. நிரந்தரம் என்றால் பென்சன், லீவு, பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம் என்று அவனும் கணக்குப் போட்டு வைத்திருந்தவன்தான்.

"சொல்லாட்டி என்ன நடக்கும்?" என்று கேட்டான்.

"மெசினக் கழட்டிருவாங்க. எலிக்கு ரெண்டு தண்ணியும் ஒண்டுதான் எண்டு யாராவது எழுதினாலும் எழுதுவாங்க. இல்லாட்டி மெசின் பொய் சொல்லுது எண்டு எழுதுவாங்க."

"சொன்னா?"

"என்னக் கழட்டுவாங்க."

மர்ஸூக் வாசற்படியில் குந்தினான். "நஸீம் மச்சான்ட கடையில நீ திருத்தின போன் பழுதாத் திரும்பி வந்தா ஆர் ஏச்சு வாங்கின?" என்றான்.

"நஸீம் நானாதான்."

"அப்ப நீ இன்னும் ஒருநாளும் ஏச்சு வாங்கிப் பாக்கல்ல" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனான். சொல்லு என்றானா, சொல்லாதே என்றானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர், அஜித்தா, மற்ற இரண்டு விஞ்ஞானிகள், கூட்டக் குறிப்பு எழுதுகிற கந்தோர் லிகிதர் இருந்தார்கள். தேத்தண்ணீர்த் தட்டை வைத்துவிட்டு ஹஃபீலா வெளியே போகவில்லை. பட்டியல் மேசையில் இருந்தது. பேராசிரியரின் பேனை மூடி திறந்திருந்தது.

"மிஸ், ஒரு விசயம் சொல்லோணும்" என்றாள். கேன், மார்க்கர் எழுத்து, ஸ்டிக்கர், போன் பேச்சு எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொன்னாள். உரித்தெடுத்த ஸ்டிக்கரையும் மூன்று நாள் தராசில் நிறுத்த கணக்கையும் மேசையில் வைத்தாள்.

அஜித்தாவின் முகம் சிவந்தது. சிங்களத்தில் ஏதோ தொடங்கி, நிறுத்தி, "நான் சொன்னது பில்டர் தண்ணிய" என்றார்.

"இப்ப விளங்குது மிஸ். அப்ப நான் கேக்கல்ல. பிழ என்னோடதான்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "மூண்டு கிழமை வேலை பிள்ளை. பன்னிரண்டு மிருகம். விளங்குதா?"

"விளங்குது சேர்." அவள் போயிருக்கலாம். போகவில்லை. "ஆனா சேர், ரெண்டு போத்தல்லயும் ஒரே தண்ணி. மெசினும் ஒரே தண்ணி எண்டுதானே சொன்ன. மூணு கிழமையா அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்த. நாங்கதான் நம்பல்ல."

பேராசிரியர் கோடுகள் வரைந்த தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடந்த கோடுகள். நெடுநேரம் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இது அநியாயத்துக்குச் சரியா எண்ணியிருக்கு" என்றார். கழற்ற வேண்டாம், பில்டர் தண்ணீர் வைத்து முதலில் இருந்து செய்யுங்கள் என்றார். சிரித்த அதே மனிதர்தான் பட்டியலை இழுத்து, வருத்தத்தோடு, அவள் பேரின் மேல் ஒரு கோடு போட்டார். சட்டம் அப்படி. அஜித்தா, தன் பேச்சிலும் பிழை இருக்கிறது என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினார்கள். அதனால் கோடு அழியவில்லை.

ஹஃபீலா எலி வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு, பன்னிரண்டு கூட்டின் போத்தல்களையும் இறக்கிக் கழுவினாள்.

இரண்டாவது சோதனையில் கோடுகள் பிரிந்தன. எலிகள் மூன்றில் இரண்டு பங்கு பில்டர் பக்கம் போயின. அஜித்தா அறிக்கை எழுதி எலுவன்குளத்துக்கு ஒரு பில்டர் நிலையம் கேட்டு அனுப்பினார். அது எந்த மேசையில் இருக்கிறதோ தெரியாது. முதல் மூன்று கிழமைக் கணக்கை எறியாமல் அந்த இணையப் பக்கத்தில் போட்டார். நடந்ததை நடந்தபடி எழுதி, 'ஊழியர் ஒருவரின் தவறால்' என்று போட்டிருந்ததை ஹஃபீலாவுக்கு வாசித்துக் காட்டினார்.

"ஊழியர் ஒருவர் எண்டா ஆர் மிஸ்?"

"பேர் போட்டா உங்களுக்கு வெக்கம் எண்டு நினைச்சன்."

"என்ட பேரப் போடுங்க" என்றாள் ஹஃபீலா. போட்டார். அந்தக் கணக்குக் கோப்புக்கு ஒரு தலைப்பும் வேண்டியிருந்தது. யோசித்து நேரம் போக்காமல் அஜித்தா ஆங்கில எழுத்தில் 'நல்ல தண்ணி' என்றே வைத்துவிட்டார்.

அடுத்த வருடம் பட்டியல் போகவே இல்லை. அதற்கடுத்த வருடம் போனதாகச் சொன்னார்கள், யாருடைய பேர் போனது என்று சொல்லவில்லை. ஹஃபீலா ஆறு மாதத்துக்கு ஒருமுறை கந்தோருக்குப் போய்க் கடிதத்தை ஞாபகப்படுத்தினாள். இதற்கிடையில் அந்தப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். புது மெசினை நம்புவதற்கு முதல் இரண்டு போத்தலிலும் ஒரே தண்ணீரை ஊற்றிச் சில நாள் ஓடவிட்டுப் பார்ப்பது நல்ல வழி என்று கண்டுகொண்டார்கள். அப்படிப் பார்ப்பதற்கு அவர்கள் வைத்த பேர் 'நல்ல தண்ணிச் சோதனை'. பெருவில் இருந்து ஒருவர், நல்ல தண்ணி செய்து பார்த்தோம், மெசின் தேறிவிட்டது என்று எழுதியிருந்தார்.

ஒருநாள் காலை அவள் போத்தல் நிரப்பிக்கொண்டிருக்கும்போது அஜித்தா மடிக்கணினியோடு எலி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஹஃபீலா, இங்க ஒராள் கேட்டு எழுதியிருக்கார். 'நல்ல தண்ணி' எண்டா உங்கட பாசையில என்ன அர்த்தமாம். என்னெண்டு எழுத?"

ஹஃபீலா போத்தலை மூடினாள்.

"கேக்கிறவர் எந்த ஊர் மிஸ்?" என்றாள்.